ஆஃப்சைடு கோட்டில் குடியிருந்தவர்: ஃபிலிப்போ இன்சாகி

2006 ஜூன் 22, ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரம். உலகக் கோப்பையில் இத்தாலி, செக் குடியரசை 1-0 என்று முந்தியிருக்கிறது. ஆட்டம் முடிய இன்னும் மூன்று நிமிடம்தான். செக் அணிக்குக் கோல் வேண்டும், அதனால் எல்லோரும் மேலே ஏறிவிட்டார்கள். நடுக்களத்திலிருந்து பெரோட்டா பந்தைத் தட்டிவிடுகிறார். மாற்று ஆட்டக்காரராக இறங்கியிருந்த ஃபிலிப்போ இன்சாகி அதை வாங்கிக்கொண்டு தன்னந்தனியாக ஓடுகிறார். முன்னால் இருப்பது கோல்கீப்பர் பீட்டர் செக் மட்டும்.

தன்னந்தனியாக என்று சொன்னது முழு உண்மையில்லை. அவருக்குப் பக்கத்திலேயே இன்னொரு இத்தாலிக்காரரும் ஓடிவருகிறார். சிமோனே பரோனே என்ற மிட்ஃபீல்டர். இருவரையும் தொடக்கூடிய தூரத்தில் எதிரணியினர் யாரும் இல்லை. பந்தை இரண்டடி தள்ளிவிட்டால் போதும், பரோனே காலியான வலைக்குள் உருட்டிவிடுவார். பள்ளிக்கூடப் பையனுக்குக்கூடத் தெரிந்த கணக்கு அது. இன்சாகி தள்ளவில்லை. கோல்கீப்பரைச் சுற்றிக்கொண்டு போய்த் தானே அடித்தார்.

மூன்று உலகக் கோப்பைகளுக்குப் போன அவருக்கு, உலகக் கோப்பையில் அமைந்த ஒரே கோல் இதுதான். இதைச் சுயநலம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம், பலர் முடித்தும்விட்டார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த ஓட்டத்துக்குப் பின்னால் ஒரு தொழில் இருக்கிறது. வேறெதுவும் பெரிதாகக் கைவராத ஒருவர் ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொண்டு, அதை உலகத்திலேயே யாரும் செய்யாத அளவுக்குச் செய்து காட்டினார். அதை எப்படிச் செய்தார் என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் அவரால் முடியாதவற்றைச் சொல்லிவிடலாம். நாலு பேரை ஏமாற்றி டிரிபிள் செய்யமாட்டார். 25 மீட்டரிலிருந்து குண்டு போடமாட்டார். மின்னல் வேகம் கிடையாது. மோதித் தள்ளும் உடம்பும் கிடையாது. அந்தக் காலத்து இத்தாலியில் ஸ்ட்ரைக்கர்களுக்குப் பஞ்சமே இல்லை. பாஜோவிடம் கலை இருந்தது, வியேரியிடம் பலம் இருந்தது, டெல் பியெரோவிடம் நுணுக்கம் இருந்தது, டோட்டியிடம் பார்வை இருந்தது. இன்சாகியிடம் என்ன இருந்தது என்று கேட்டால் சட்டென்று பதில் வராது. ஆனாலும் இத்தாலியின் முதல் நிலை லீக்கான சீரி ஏ-யில் மட்டும் 156 கோல், ஐரோப்பிய கிளப் போட்டிகளில் 70 கோல், இத்தாலி அணிக்கு 57 ஆட்டங்களில் 25 கோல். யோஹன் கிரைஃப் போன்ற மேதையே இவருக்குப் பந்தாடத் தெரியாது, சரியான இடத்தில் மட்டும் எப்போதும் நிற்கிறார் என்ற பொருளில் பேசியதாகச் சொல்வார்கள். குறையாகச் சொன்னதோ பாராட்டாகச் சொன்னதோ, அதற்குள்தான் விடை இருக்கிறது. சரியான இடத்தில் எப்போதும் நிற்பது எப்படி?

இதைப் புரிந்துகொள்ள ஆஃப்சைடு விதியைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். சக ஆட்டக்காரர் பந்தைத் தட்டும் அந்த நொடியில், எதிரணியின் பாதியில், பந்தையும் எதிரணியின் கடைசிக்கு முந்தைய ஆளையும் தாண்டி நீங்கள் கோலுக்கு அருகில் இருந்தால் ஆஃப்சைடு நிலை. நேர்க்கோட்டில் இருந்தால் தப்பில்லை. 1990-இல் வந்த மாற்றம் அது, அதற்கு முன்னால் நேராக நின்றாலும் தப்புதான். இதில் பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. ஆஃப்சைடு இடத்தில் சும்மா நிற்பது குற்றமே இல்லை. பந்து தட்டப்படும் நொடியில் அங்கே இருந்து, பிறகு ஆட்டத்தில் தலையிட்டால்தான் குற்றம்.

இன்சாகி குடியிருந்தது இந்த இடைவெளியில்தான். பந்து நடுக்களத்தில் சுற்றிக்கொண்டிருக்கும்போது அவர் டிஃபெண்டர்களுக்குப் பின்னால், அப்பட்டமான ஆஃப்சைடு இடத்தில் உலாவிக்கொண்டிருப்பார். டிஃபெண்டர் ஒருமுறை திரும்பிப் பார்ப்பார். சரி, ஆஃப்சைடில்தானே நிற்கிறான் என்று விட்டுவிடுவார். பந்தையும் முதுகுக்குப் பின்னால் இருக்கும் ஆளையும் ஒரே நேரத்தில் பார்க்க யாருக்கும் முடியாது. நடுக்களத்திலிருந்து பந்து போட்டுத்தரும் பிர்லோவோ ரூய் கோஸ்டாவோ தலையைத் தூக்கி முன்னால் பார்க்கும் கணத்தில் இன்சாகி இரண்டு மூன்று அடி கோட்டுக்குள் திரும்பி வருவார், கோட்டை ஒட்டியே பக்கவாட்டில் வளைந்து ஓடுவார், பந்து காலைவிட்டுக் கிளம்பும்போது நிமிர்ந்து பாய்வார். டிஃபெண்டர் அப்போதுதான் திரும்பத் தொடங்குவார். ஏற்கெனவே ஓட்டத்தில் இருப்பவரை, நின்ற இடத்திலிருந்து திரும்பி ஓடுபவர் பிடிக்க முடியுமா? வேகம் இல்லாதவர் வேகமானவராகத் தெரிந்தது இப்படித்தான்.

ஆஃப்சைடு என்றால் கொடியைத் தூக்கவேண்டிய துணை நடுவர், அதாவது லைன்ஸ்மேனின் கஷ்டத்தையும் நினைத்துப் பாருங்கள். பந்தைத் தட்டும் கால் முப்பது நாற்பது மீட்டர் தள்ளி இருக்கும். டிஃபெண்டர் கோட்டை உயர்த்த மேலே ஓடுகிறார், இன்சாகி எதிர்த்திசையில் கோலை நோக்கி ஓடுகிறார். ஆளுக்கு நொடிக்கு ஐந்து மீட்டர் என்று வைத்துக்கொண்டாலும் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் இருவருக்கும் நடுவே ஒரு மீட்டர் இடைவெளி விழுந்துவிடும். கண் காலிலிருந்து கோட்டுக்குத் திரும்புவதற்குள் படம் மாறிவிடுகிறது. ஆகவே சரியாக இருந்தபோது கொடி ஏறியதும் உண்டு, தப்பாக இருந்தபோது கொடி இறங்கியே இருந்ததும் உண்டு.

அவருடைய கணக்கு இதையும் சேர்த்துத்தான். ஒன்பது முறை கொடி ஏறினால் நஷ்டம் என்ன? எதிரணிக்கு அவர்கள் பாதியில் ஒன்பது ஃப்ரீ கிக். பத்தாவது முறை கொடி ஏறாவிட்டால் கோல். டிஃபெண்டர் பத்து முறையும் சரியாக இருக்க வேண்டும், இன்சாகி ஒருமுறை சரியாக இருந்தால் போதும். அவன் ஆஃப்சைடிலேயே பிறந்திருக்க வேண்டும் என்று மான்செஸ்டர் யுனைடெட்டின் மானேஜராக இருந்த அலெக்ஸ் ஃபெர்குசன் சொன்னதாக ஒரு வாசகம் உலகம் முழுக்கச் சுற்றுகிறது. எரிச்சலில் சொன்னது போல இருந்தாலும், இப்படி ஒரு ஆளை எதிர்த்து அணியைத் தயார் செய்யவேண்டிய மானேஜரின் கவலைதான் அதில் எனக்குக் கேட்கிறது.

இவரை உறுமீனுக்குக் காத்திருக்கும் கொக்கு என்று சொல்வார்கள். பாதிதான் பொருந்தும். கொக்கு அசையாது, இவரோ 90 நிமிடமும் அசைந்துகொண்டே இருந்தார். பந்து வராத நூறு ஓட்டம் ஓடினால்தான் பந்து வரும் ஒரு ஓட்டம் கிடைக்கும். டிவியில் பந்தை மட்டும் பார்ப்பவர்களுக்கு அந்த நூறு ஓட்டம் தெரியாது, அதனால்தான் அதிர்ஷ்டக்காரன் என்ற பெயர்.

இதற்கு ஒரு வரலாற்றுப் பின்னணியும் உண்டு, அதை யாரும் அதிகம் பேசுவதில்லை. பழைய இத்தாலியப் பாணியான கத்தெனாச்சோவில் (தாழ்ப்பாள் என்று பொருள்) ஒவ்வொரு டிஃபெண்டரும் ஒரு ஆளைப் பிடித்துக்கொள்வார். அவர்களுக்கும் பின்னால் லிபெரோ என்று ஒருவர் துப்புரவு வேலைக்கு நிற்பார். அங்கே நேர்க்கோடே கிடையாது. கோடு இல்லாத இடத்தில் கோட்டில் வாழ்வது எப்படி? 1980-களின் இறுதியில் மிலான் அணிக்கு வந்த அர்ரிகோ சாக்கி நான்கு டிஃபெண்டர்களையும் ஒரே வரிசையில் நிறுத்தி, இடத்தைக் காக்கும் முறையையும் ஆஃப்சைடு பொறியையும் இத்தாலிக்குப் பழக்கினார். அடுத்த பத்தாண்டுகளில் நாட்டின் பெரும்பாலான அணிகள் அந்த வழிக்கு வந்தன. ஸ்ட்ரைக்கர்களை மடக்கப் போட்ட கோடு அது. அந்தக் கோட்டையே வீடாக்கிக்கொண்ட ஸ்ட்ரைக்கர் இன்சாகி. இருபது வருடம் முன்னால் பிறந்திருந்தால் இந்தப் பெயரை நாம் கேட்டிருக்கவே மாட்டோம் என்பது என் எண்ணம்.

பிறந்தது 1973 ஆகஸ்ட் 9, வட இத்தாலியின் பியாசென்சாவில். மூன்று வருடம் இளைய தம்பி சிமோனேவும் ஸ்ட்ரைக்கர்தான். உள்ளூர் கிளப்பில் தொடங்கி, மூன்றாம் நிலையில் லெஃபே என்ற சின்ன அணி, பிறகு இரண்டாம் நிலையில் வெரோனா. 1994-95இல் பியாசென்சாவுக்கே திரும்பி 15 கோல் போட்டு அணியை மேல் லீக்குக்கு ஏற்றினார். அடுத்து பார்மா. பெரிய அணி, சோலாவும் ஸ்டோய்ச்கோவும் இருந்த முன்வரிசை. அங்கே லீக்கில் வெறும் இரண்டு கோல். அந்த ஒரு வருடம் அவருடைய ஆட்டத்தின் பலவீனத்தை நேர்மையாகக் காட்டுகிறது. பந்து தன் காலடியிலேயே வேண்டும் என்று கேட்கும் நட்சத்திரங்களுக்கு நடுவே, பந்தை வெற்றிடத்துக்குள் கேட்கும் ஆளுக்கு வேலையில்லை. இன்சாகி தானாக எதையும் உருவாக்குபவர் இல்லை. அவரைத் தேடிப் பந்து போடும் கண் ஒன்று அணியில் இருந்தாக வேண்டும்.

1996-97இல் அட்டலாண்டா. பயிற்சியாளர் எமிலியானோ மொந்தோனிகோ அவரை நடுவில் வைத்து ஆட்டத்தையே அமைத்தார். 33 ஆட்டம், 24 கோல், லீக்கிலேயே அதிக கோல் அடித்தவர் என்ற பட்டம். ரொனால்டோ இன்டர் மிலானுக்கு வந்து இறங்கிய அதே 1997 கோடையில் ஜுவெண்டஸ் இவரை வாங்கியது.

அங்கே பின்னால் ஜிடேன், பக்கத்தில் டெல் பியெரோ. இதைவிட என்ன வேண்டும்? முதல் வருடமே 18 லீக் கோல். 1998 மே மாதம் பட்டத்தை உறுதி செய்த பொலோனியா ஆட்டம் 3-2, மூன்று கோலும் இன்சாகி. நான்கு வருடத்தில் ஜுவெண்டஸுக்காக 165 ஆட்டம், 89 கோல். டெல் பியெரோவுக்கும் அவருக்கும் மைதானத்தில் உறவு அவ்வளவு ஒட்டவில்லை என்று இத்தாலியப் பத்திரிகைகள் திரும்பத் திரும்ப எழுதின. பரோனே கதையைப் படித்தவர்களுக்குக் காரணம் சொல்லவேண்டியதில்லை.

ஜுவெண்டஸ் நாட்களில் என் மனதில் நிற்பது வேறொரு மதியம். 2000 மே 14. லீக்கின் கடைசி நாள். பட்டத்துக்கு ஜுவெண்டஸும் லாசியோவும் போட்டி. பெருஜாவில் ஜுவெண்டஸ் ஆடும்போது வானம் பிய்த்துக்கொண்டு ஊற்றியது, மைதானம் குளமாகி ஆட்டம் ஒரு மணி நேரத்துக்கும் மேல் நின்றது. ரோமில் லாசியோ 3-0 என்று ஜெயித்து முடித்துவிட்டு வானொலியைக் கேட்டபடி காத்திருந்தது. மறுபடி தொடங்கிய ஆட்டத்தில் பெருஜாவின் கலோரி ஒரு கோல் அடிக்க, ஜுவெண்டஸ் 1-0 என்று தோற்றது, பட்டம் லாசியோவுக்குப் போனது. அன்று லாசியோவின் முதல் கோலை பெனால்டியில் அடித்தவர் சிமோனே இன்சாகி. அண்ணன் பெருஜாவின் சேற்றில் நின்றுகொண்டிருக்க, தம்பி ரோமில் சாம்பியன். அந்த வீட்டுப் பெற்றோர் அன்றைக்கு எந்தப் பக்கம் முகத்தைத் திருப்பியிருப்பார்கள் என்று பலமுறை நினைத்திருக்கிறேன்.

2001இல் மிலான். இத்தாலியில் பிப்போ என்பது ஃபிலிப்போவின் செல்லப் பெயர், டிஸ்னியின் கூஃபிக்கும் அங்கே அதே பெயர்தான். கூஃபி சூப்பர்ஹீரோவாக மாறினால் சூப்பர்பிப்போ. மிலான் ரசிகர்கள் அந்தப் பெயரையே இவருக்கு நிரந்தரமாக்கினார்கள். 11 வருடம், 300 ஆட்டம், 126 கோல்.

அவர் தயாராகும் விதத்தைப் பற்றி அணித்தோழர்கள் சொன்னவை சுவையானவை. சாப்பாடு எப்போதும் ஒன்றேதான்: சாஸ் இல்லாத பாஸ்தா, பிரெசாவோலா என்ற காயவைத்த மாட்டிறைச்சி. ஆட்டத்துக்கு முன் குழந்தைகளுக்கான பிளாஸ்மோன் பிஸ்கட், அதிலும் பாக்கெட்டின் அடியில் இரண்டை மட்டும் மிச்சம் வைத்துவிடுவார். எதிரணி டிஃபெண்டர்களின் பழக்கங்களை மணிக்கணக்கில் படிப்பார். எவர் எந்தப் பக்கம் திரும்ப நேரம் எடுப்பார், எவர் கோட்டை ஏற்ற மறப்பார் என்று தெரிந்துகொண்டுதான் களம் இறங்குவார். கோல் அடித்தால் கத்திக்கொண்டு, முகம் கோணி, கைகளை உதறிக்கொண்டு அவர் ஓடும் ஓட்டம் இருக்கிறதே, அது ஒன்றாவது கோலுக்கும் நூறாவது கோலுக்கும் ஒரே மாதிரி. முக்கியமில்லாத ஆட்டமாக இருந்தாலும் இறுதிப்போட்டி போலத்தான் கொண்டாடுவார். அந்தப் பசி நடிப்பில்லை.

2003 ஏப்ரலில் ஐரோப்பாவின் முதன்மையான கிளப் போட்டி, சாம்பியன்ஸ் லீக் காலிறுதி. சான் சிரோவில் அயாக்ஸுடன் 2-2. அந்த ஸ்கோரே நீடித்தால், எதிரணி மைதானத்தில் அடித்த கோலுக்கு மதிப்பு அதிகம் என்ற அன்றைய விதிப்படி மிலான் வெளியே. 90 நிமிடம் முடிந்து நடுவர் சேர்த்த நிமிடங்களில் மால்டினியின் நீண்ட பந்து, அம்ப்ரோசினியின் தலை, பின்னால் பாய்ந்த இன்சாகி முன்னேறிவந்த கோல்கீப்பரின் தலைக்கு மேலே தூக்கிவிட்டார். பந்து வலையை நோக்கிப் போய்க்கொண்டிருக்க, கோட்டருகே டோமாசன் ஒரு தொடு தொட்டார். கோல் அவர் பெயரில் பதிவானது. பரோனேவுக்குக் கொடுக்காததைப் பேசுபவர்கள், டோமாசன் எடுத்துக்கொண்டதையும் பேசவேண்டும். அந்த வருடம் மிலான் இறுதியில் ஜுவெண்டஸை பெனால்டியில் வென்று கோப்பையை எடுத்தது.

பிறகு காயங்கள். முழங்கால், கணுக்கால் என்று மாறி மாறி இரண்டு வருடம் வீணானது. 2005இல் லிவர்பூலுக்கு எதிராக 3-0 முன்னிலையை இழந்து மிலான் தோற்ற அந்த இஸ்தான்புல் இறுதியில் இவர் மாற்று வீரர் பெஞ்சில்கூட இல்லை. 32 வயதை நெருங்கும் ஸ்ட்ரைக்கரின் கதை அதோடு முடிந்தது என்றுதான் பலர் நினைத்தார்கள்.

முடியவில்லை. 2006இல் இத்தாலியக் கால்பந்தை உலுக்கிய முறைகேட்டு விவகாரத்தில் மிலானுக்கும் புள்ளிகள் பறிபோயின, சாம்பியன்ஸ் லீகுக்குள் நுழையவே ஆகஸ்டில் தகுதிச்சுற்று ஆடவேண்டி வந்தது. பெல்கிரேடின் ரெட் ஸ்டார் அணியோடு முதல் ஆட்டம் 1-0, கோல் இன்சாகி. மறு ஆட்டத்திலும் இன்சாகி ஒரு கோல். ஆனால் அந்த சீசன் முழுக்க லீக்கில் அவர் அடித்தது இரண்டே கோல். 2007 மே 23, ஏதென்ஸில் மறுபடி லிவர்பூலோடு இறுதிப்போட்டி. அரையிறுதியில் கோல் போட்ட, வயதில் இளைய கிலார்தினோ தயாராக இருந்தார். பயிற்சியாளர் கார்லோ ஆன்செலோட்டி 33 வயது இன்சாகியை இறக்கினார். கணக்குப் புத்தகத்தைப் பார்த்து எடுத்த முடிவாக அது இருக்க முடியாது.

முதல் கோல் இடைவேளைக்குச் சற்று முன். பிர்லோவின் ஃப்ரீ கிக் இன்சாகியின் மேல்கையிலோ தோளிலோ பட்டுத் திசைமாறி உள்ளே போனது. தற்செயலா, திட்டமா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. இரண்டாவது கோலில் விவாதத்துக்கு இடமே இல்லை. 82ஆவது நிமிடம். ககா பந்தோடு திரும்புகிறார். இன்சாகி கோட்டின் விளிம்பில் ஒரு சிறு வளைவு எடுத்துப் பாய்கிறார். பந்து இரண்டு டிஃபெண்டர்களுக்கு நடுவே வருகிறது. கோல்கீப்பர் ரெய்னாவை வலப்பக்கம் சுற்றி, நெருக்கமான கோணத்திலிருந்து மெல்ல உருட்டிவிடுகிறார். மிலான் 2-1 என்று வென்றது. இந்தக் கட்டுரையில் மேலே நான் விளக்கியது அத்தனையும் அந்த நாலைந்து நொடிக்குள் இருக்கிறது. ஒரே ஒரு வீடியோ பார்க்க நேரம் இருந்தால் அதைப் பாருங்கள், பந்தை விட்டுவிட்டு அவரை மட்டும் பாருங்கள்.

அதே வருட டிசம்பரில் யோகோஹாமாவில் கிளப் உலகக் கோப்பை இறுதி, போகா ஜூனியர்ஸுக்கு எதிராக இன்னும் இரண்டு கோல். பெரிய நாளில்தான் இவருக்குக் கால் வரும்.

வீடியோ பார்த்து முடிவுகளைச் சரிபார்க்கும் இப்போதைய விஏஆர் காலத்தில் இவர் பிழைத்திருப்பாரா என்று அடிக்கடி கேட்கிறார்கள். சில கோல்கள் நிச்சயம் போயிருக்கும். 2010 நவம்பரில் 37 வயதில் ரியல் மாட்ரிட்டுக்கு எதிராக இறங்கி இரண்டு கோல் போட்டாரே, ஐரோப்பிய கோல் எண்ணிக்கையில் கெர்ட் முல்லரைத் தாண்டிய அந்த இரவின் இரண்டாவது கோல் மறுஒளிபரப்பில் ஆஃப்சைடு. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் தராசுக்கு இன்னொரு தட்டும் உண்டு. 2002 உலகக் கோப்பையில் மெக்சிகோவுக்கு எதிராக அவர் அடித்த சரியான கோலைக் கொடி பறித்தது. கோட்டை மில்லிமீட்டரில் அளக்கும் கருவி வந்தால், கோட்டை மில்லிமீட்டரில் அளந்து வாழ்ந்தவருக்கு நஷ்டம் மட்டும்தானா வந்திருக்கும்? அவர் அரை அடி பின்னால் தள்ளி நிற்கப் பழகியிருப்பார் என்றே நினைக்கிறேன்.

ஓய்வுக்குப் பிறகு பயிற்சியாளர் வேலை அவருக்கு ஏற்றமும் இறக்கமுமாகவே இருக்கிறது. மிலானில் ஒரு வருடம், பத்தாவது இடம், வெளியே. ஆனால் வெனிசியாவை மூன்றாம் நிலையிலிருந்தும், பெனெவெந்தோவையும் பீசாவையும் இரண்டாம் நிலையிலிருந்தும் மேலே ஏற்றியிருக்கிறார். பீசா 34 வருடம் கழித்து 2025இல் முதல் நிலைக்கு வந்தது அவர் கையால்தான். தம்பி சிமோனே இந்தத் தொழிலில் முந்திவிட்டார், இன்டர் மிலானுக்கு 2024இல் லீக் பட்டம் வாங்கிக் கொடுத்தார்.

மிலானில் அவர் விட்டுப்போன 9ஆம் எண் சட்டை ஒரு சாபமாகவே பேசப்பட்டது. பாட்டோ, டோரஸ், ஆந்த்ரே சில்வா, ஹிகுவாயின், பியான்டெக், மாண்ட்சுகிச் என்று எத்தனை பேர் அணிந்தும் யாருக்கும் அது ஒட்டவில்லை. 2021இல் வந்த ஒலிவியே ஜிரூ, அடுத்த வருடம் லீக் பட்டம் வென்றபோதுதான் அந்தப் பேச்சு அடங்கியது.

அந்தச் சட்டையை இன்சாகி கடைசியாக மிலானுக்காக அணிந்தது 2012 மே 13, சான் சிரோவில் நோவாரா ஆட்டம். அந்த வருடம் பயிற்சியாளர் அல்லெக்ரி அவரைச் சாம்பியன்ஸ் லீக் பட்டியலிலேயே சேர்க்கவில்லை, லீக்கிலும் ஒருசில ஆட்டங்கள்தான். அன்று நெஸ்டா, கட்டூசோ போன்றவர்களுக்கும் வழியனுப்பு. 1-1 என்று இருந்தபோது 38 வயதுக்காரர் மாற்றாக இறங்கினார். 82ஆவது நிமிடம், ஏதென்ஸில் போலவே. சீடோர்ஃப் நடுக்களத்தில் தலையைத் தூக்கிப் பார்த்தார். கோட்டின் மேல் ஒருவர் அசையத் தொடங்கியிருந்தார். பந்து டிஃபெண்டர்களின் தலைக்கு மேலே மிதந்து வந்தது. மார்பில் வாங்கி, தரையைத் தொட விடாமல் வலக்காலால் அடித்தார். அரங்கமே எழுந்து நின்றது. அவர் வழக்கம்போல் முகம் கோணக் கத்திக்கொண்டு ஓடினார். லைன்ஸ்மேனின் கொடி இறங்கியே இருந்தது.